கிட்டார் ஸ்கேல் பயிற்சி: எந்த ஃப்ரெட்டுக்கு எந்த விரல்?

ஸ்கேல் (ஸ்வர வரிசை) படங்களில் எந்த ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) என்று புள்ளி வைத்திருப்பார்கள். எந்த விரல் என்று பல படங்களில் இருக்காது. இருந்தாலும் அது போட்டவரின் கைக்குச் சரியாக வந்தது, அவ்வளவுதான். ட்யூனிங், டேப் (கம்பிக்கோடுகளில் ஃப்ரெட் எண்களை எழுதும் குறிப்பு) படிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விரல்களுக்கு வருகிறேன். ஆட்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டு விரல் 4.

1. இழுக்காத வடிவத்தில் தொடங்குங்கள்

ஜி மேஜர் ஸ்கேல், ஆட்காட்டி விரல் 2ஆவது ஃப்ரெட்டுக்கு. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல். கை நகரவே வேண்டாம்.

6ஆம் கம்பி (எல்லாவற்றிலும் தடித்தது): ஃப்ரெட் 3, 5 (விரல் 2, 4)
5ஆம் கம்பி: 2, 3, 5 (1, 2, 4)
4ஆம், 3ஆம் கம்பிகள்: 2, 4, 5 (1, 3, 4)
2ஆம் கம்பி: 3, 5 (2, 4)
1ஆம் கம்பி: 2, 3 (1, 2)

இது பழகியதும் அடுத்ததற்குப் போகலாம்.

2. கம்பிக்கு மூன்று ஸ்வரம்

அதே ஜி மேஜரில் 6ஆம், 5ஆம் கம்பிகள் இரண்டிலும் 3, 5, 7. எனக்குக் கை மல்லுக்கட்டியது இங்கேதான். பார்த்ததும் 1, 3, 4 என்றுதான் விரல் போகும். அப்போது 5க்கும் 7க்கும் நடுவிலுள்ள அகலத்தை மோதிர விரலும் சுண்டு விரலும் தாங்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று எளிதில் விலகாது. 1, 2, 4 என்று மாற்றிப் பாருங்கள். இழுப்பு ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே போய்விடும். அந்த இடைவெளி பெரும்பாலானவர்களுக்குத் தாராளமாகவே விரியும்.

அப்படியும் எட்டவில்லையா? 7ஐ அழுத்தும்போது 3இல் விரலைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஸ்வரம் முடிந்துவிட்டது, விட்டுவிடுங்கள். கை சுண்டு விரல் பக்கமாகக் கொஞ்சம் சாயட்டும். கட்டைவிரல் நெக்கின் பின்புறம், நடுவிரலுக்கு நேர் எதிரே. அது மேலே ஏறி நெக்கைக் கவ்விக்கொண்டால் எந்த விரல் வரிசையும் உதவாது.

3. வடிவத்தை மேலே தூக்குங்கள்

நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) வரை 648 மி.மீ. உள்ள கிட்டாரில் 3ஆவது ஃப்ரெட்டிலிருந்து 7 வரை சுமார் 11.2 செ.மீ.; 8இலிருந்து 12 வரை சுமார் 8.4 செ.மீ.தான். ஆகவே அதே வடிவத்தை 8ஆவது ஃப்ரெட்டில் தொடங்குங்கள், சி மேஜர் ஆகிவிடும். அங்கே பழகிவிட்டு வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழே இறங்கலாம். விரல் நீளுவதற்கென்று விற்கிற ஸ்பிரிங் கருவிகளைவிட இது மேல் என்பது என் கட்சி.

4. பென்சிலும் மெட்ரோனோமும்

தேர்ந்தெடுத்த விரல் எண்களை டேப்பின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். ஆப் எதுவும் இதற்குத் தேவையில்லை. மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில், தட்டுக்கு ஒரு ஸ்வரம். தடுமாறாமல் வந்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ஏறும்போது சரியாக வருகிறது, இறங்கும்போது குழம்புகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கம்பிக்கு மூன்று ஸ்வர வடிவத்தில் கை இரண்டு இடங்களில் நகர்கிறது. ஜி மேஜரில் 5ஆம் கம்பியிலிருந்து 4ஆம் கம்பிக்குப் போகையில் ஆட்காட்டி விரல் 3இலிருந்து 4க்கு. 3ஆம் கம்பியிலிருந்து 2ஆம் கம்பிக்குப் போகையில் 4இலிருந்து 5க்கு. இறங்கும்போது இவை தலைகீழாக வரும். அதுவும் சுண்டு விரலை வைத்தபடி கை பின்னால் போக வேண்டும். கை நகரும் ஒவ்வோர் இடத்துக்கும் அந்த இரண்டு கம்பிகளை மட்டும் தனியே எடுத்து, ஆறு ஸ்வரங்களையும் ஏற்றி இறக்கிப் பழகுங்கள். முழு ஸ்கேலையும் ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டாம்.