முதலில் வண்டி, அப்புறம் கையுறை

மதுரை செல்லூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். வைகையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போகிறோம் என்று காலேஜ் பிள்ளைகள் வந்து நின்றால், "குட்டி யானை (சின்ன லோடு வண்டி) பேசியாச்சா தம்பி?" என்றுதான் முதலில் கேட்பேன். முதல் வருஷம் அறுபது பேர் சேர்ந்து அள்ளி, சாக்குகளைக் கரையில் அடுக்கினோம். வருகிறேன் என்ற வண்டி வரவே இல்லை. விடிவதற்குள் மாடுகள் சாக்கைக் கிழித்துவிட்டன. பாதிக் குப்பை காற்றில் பறந்து மறுபடி ஆற்றுக்குள்ளேயே கிடந்தது.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, பல நாடுகளில் கடற்கரைக் குப்பை எடுக்கும் நாள். நமக்குக் கடல் இல்லை, ஆனால் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. ஐப்பசி மழை இறங்குமுன் எடுத்தால்தான் உண்டு. எஸ்தோனியாவில் 2008-ல் ஐம்பதாயிரம் பேர் ஒரே நாளில் நாட்டையே கூட்டினார்கள். அதற்கு முன்பே குப்பை மேடுகளை வரைபடத்தில் குறித்துவைத்திருந்தார்கள். நீங்களும் இரண்டு வாரம் முன்னால் கரையோரம் நடந்து, போனில் இடத்தைக் குறியுங்கள். அப்போதே மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். அதற்கு மேல் மதுரை வெயிலில் ஆள் நிற்காது.

பிரிப்பதுதான் பெரிய வேலை. அதையும் ஆற்றங்கரையிலேயே செய்யுங்கள், அப்புறம் யாரும் செய்யமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலை மூடி கழற்றி நசுக்கினால் ஒரு சாக்கில் மூன்று பங்கு கூடுதலாக அடங்கும், என் மாதிரிக் கடைக்காரன் காசு கொடுத்தே எடுப்பான். மெல்லிய கவர்கள் தனிச் சாக்கு. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் ரோடு போடச் சொல்லித்தந்தது இந்தக் கவரை வைத்துத்தான் (2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார்). துண்டாக்கிய கவரைச் சுமார் 160 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஜல்லியில் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். சேறும் ஈரமுமாகக் கொடுத்தால் ஆகாது, உதறிக் காயவையுங்கள். பிளெக்ஸ் பேனரை மட்டும் அதில் சேர்க்கவே கூடாது. அது பி.வி.சி. என்கிற வேறு வகைப் பிளாஸ்டிக், சூடேறினால் விஷப் புகை. நம் ஊரில் பேனருக்குப் பஞ்சமா!

சிப்ஸ் கவர், பாக்குக் கவரை எந்தக் கடையும் வாங்காது. அவை சிமெண்ட் ஆலைச் சூளைக்குத்தான். மாநகராட்சியிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். கட்டுமுன் எந்தக் கம்பெனிக் கவர் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். உடைந்த பாட்டில், ஊசியைப் பெரியவர்கள் மட்டும் இடுக்கியால் எடுத்துத் தகர டப்பாவில் போடட்டும்.

எல்லா ஊரும் ஒரே மாதிரிக் கணக்கு எழுதினால்தான் நாட்டுக் கணக்கைக் கூட்ட முடியும்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம், வகைவாரியாக எத்தனை கிலோ. மணலை உதறிவிட்டு எடை போடுங்கள். ஈர மணலோடு நிறுத்து டன் கணக்கில் பீற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொங்கலை வாழை இலையில், டீயை எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. வண்டிக்காரரிடம் காலிச் சாக்குகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.