கட்டமைப்புப் பொறியியல் ஆய்வுக் கட்டுரையைச் செப்பனிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் செப்பனிடுபவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஆசிரியர் விட்ட பிழைகளைக் கண்டுபிடிப்பது ஒன்று; தாமாக ஒரு பிழையைச் சேர்த்துவிடாமல் இருப்பது மற்றொன்று. நடை சீராகி, பொருள் கெட்டுப்போன கட்டுரைகளை நான் அடிக்கடி பார்ப்பதால், இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே சொல் நான்கு வரிகளில் நான்கு முறை வந்தால், வேறு சொல்லைப் போட்டு மெருகேற்றத் தோன்றும். பொறியியல் கட்டுரையில் அந்த ஆசையை அடக்கியே ஆக வேண்டும். வலிமை என்பது உறுப்பு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. விறைப்பு என்பது அந்தச் சுமையில் அது எவ்வளவு குறைவாக வளையும் என்பதைக் குறிக்கிறது. தகைவும் (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை) திரிபும் (நீளம் மாறும் விகிதம்) அவ்வாறே வெவ்வேறு அளவுகள். முதல் விரிசல் தோன்றிய சுமை, கம்பி இளகத் தொடங்கிய சுமை, உத்திரம் தாங்கிய உச்சச் சுமை ஆகிய மூன்றும் ஒரே வரைபடத்தில் மூன்று தனித்தனிப் புள்ளிகள். எங்கே எது என்று சொல்லாமல் வெறும் ‘சுமை’ என்று சுருக்கிவிட்டால் வாசகர் அந்த வரைபடத்தைப் படிக்கவே முடியாது. ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்து, கடைசி வரை அதையே ஆள வேண்டும். சிமென்டையும் கான்கிரீட்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதும் பழக்கமும் இங்கேயே நிற்க வேண்டும்.

எண்களில் மிகுதியாகத் தடுமாற்றம் தருவது, சோதிப்பதற்காக வார்த்த கான்கிரீட் மாதிரியின் வடிவம். இந்தியாவில் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 456:2000 விதித்தொகுப்பு, 150 மில்லிமீட்டர் கனசதுரத்தின் 28 நாள் வலிமையை அடிப்படையாகக் கொள்கிறது; அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏ.சி.ஐ. 318 விதித்தொகுப்பு உருளை மாதிரியின் வலிமையைக் கொள்கிறது. சாதாரணக் கான்கிரீட்டில் உருளையின் வலிமை கனசதுரத்தின் வலிமையில் ஏறத்தாழ 0.8 மடங்கு. நம் ஆய்வுக்கூடத்தில் கனசதுரத்தைச் சோதித்துவிட்டு, கிடைத்த எண்ணை அப்படியே அமெரிக்கச் சூத்திரத்தில் இட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நெகிழ்ச்சி எண்ணுக்கு அந்தச் சூத்திரம், வலிமையின் வர்க்கமூலத்தை 4700-ஆல் பெருக்கச் சொல்கிறது. கனசதுர வலிமை 30 மெகாபாஸ்கல் என்றால் உருளை வலிமை சுமார் 24. விடை ஏறத்தாழ 23,000 மெகாபாஸ்கல் வர வேண்டும். 30-ஐயே இட்டால் 25,700-க்கு மேல் வரும். சுமார் 12 சதவீதம் கூடிய இந்த விடையை வைத்துக்கொண்டு, ‘சோதனை முடிவு விதித்தொகுப்பின் கணிப்பைவிடக் குறைவு’ என்று ஆசிரியர் முடிவுரை எழுதியிருப்பார். மொழியில் குற்றமே இல்லாத அந்த வாக்கியத்தைச் செப்பனிடுபவர் கேள்வி கேட்காமல் விட்டுவிடக் கூடாது. இத்தகைய அனுபவச் சூத்திரங்களின் கெழு அலகோடு கட்டுண்டது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மெகாபாஸ்கலில் 4700 ஆக இருக்கும் அதே கெழு, பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அலகில் 57,000.

சில நேரம் சரியாக இருப்பதே பிழைபோலத் தோன்றும். கட்டுரை முழுவதும் எம்30 கான்கிரீட் என்று இருக்க, அட்டவணையில் 28 நாள் சராசரி வலிமை 39 மெகாபாஸ்கல் என்று இருப்பதைக் கண்டு முரண்பாடு என்று குறிப்பு எழுதியவர்கள் உண்டு. எம்30-இல் உள்ள 30 மெகாபாஸ்கல் என்பது சிறப்பியல்பு வலிமை; அதாவது, சோதனை முடிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் அதற்குக் கீழே போகாது என்று எதிர்பார்க்கப்படும் மதிப்பு. கலவையை வடிவமைக்கும்போது அதற்கும் மேலான இலக்குச் சராசரி வலிமையை நோக்கியே விகிதங்களை நிர்ணயிப்பார்கள். திட்டவிலக்கத்தை 5 மெகாபாஸ்கல் என்று கொண்டால், 30-உடன் 1.65 மடங்கு 5-ஐக் கூட்டி 38.25 வருகிறது. ஆகவே 39 என்பது வியப்பே இல்லை. எழுத வேண்டியது, தரம் எது, இலக்கு எது, அளந்தது எது என்ற வேறுபாட்டை.

விதித்தொகுப்பின் ஆண்டைத் தாமாகப் புதுப்பிப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படும் பெரும் தவறு. மேற்கோள் பட்டியலில் நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893:2002 என்று இருப்பதைப் பார்த்து, பழைய பதிப்பு என்று 2016 ஆக மாற்றிவிடுகிறார்கள். ஆனால் 2016 பதிப்பு, நிலநடுக்கப் பகுப்பாய்வில் கான்கிரீட் கட்டடங்களின் விரிசலைக் கணக்கில் கொண்டு, தூண்களின் நிலைமத் திருப்புத்திறனை (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டின் அளவை) 70 சதவீதமாகவும் உத்திரங்களுடையதை 35 சதவீதமாகவும் குறைத்துக் கொள்ளச் சொல்கிறது. ஆசிரியர் முழு மதிப்பை வைத்துப் பகுப்பாய்வு செய்திருந்தால், ஒரே ஓர் எண்ணை மாற்றியதால் அவர் செய்யாத வேலையைச் செய்ததாகக் கட்டுரை சொல்லத் தொடங்கிவிடும். பழைய பதிப்பு ஏன் என்று ஓரத்தில் கேட்பதோடு நம் வேலை முடிகிறது. மாற்றுவது ஆசிரியரின் பொறுப்பு.

அலகுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மெகாபாஸ்கலின் முதல் எழுத்தைச் சிறிய எம்மாக எழுதினால் அது மில்லிபாஸ்கல். கிலோவுக்குப் பெரிய கே எழுதினால் அது கெல்வினின் குறியீடு. மூன்று மாதிரிகளின் சராசரியை நான்கு தசம இடங்களுக்கு எழுதுவதும் வேண்டாம். தனி மாதிரி சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்லும் இடத்தில், நான்காவது தசமத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. சதவீதத்தில் அடிப்படை எது என்று கேளுங்கள்: 30-லிருந்து 40-க்கு உயர்வது 33 சதவீதம், 40-லிருந்து 30-க்குக் குறைவது 25 சதவீதம்.

கணினி மாதிரியாக்கம் உள்ள கட்டுரைகளில், அளவீட்டுச் சரிசெய்தலையும் சரிபார்ப்பையும் ஒன்றாக்கிவிடுவது பரவலாகிவிட்டது. அபாகஸ் மென்பொருளில் கான்கிரீட்டின் பண்பெண்களை மாற்றி மாற்றிப் பார்த்து, சோதித்த உத்திரத்தின் சுமை–விலக்க வளைகோட்டோடு பொருந்தச் செய்தபின், ‘கணினி மாதிரி சரிபார்க்கப்பட்டது’ என்று அதே உத்திரத்தைக் காட்டி எழுதுகிறார்கள். பொருத்தத்துக்குப் பயன்படாத வேறோர் உத்திரத்தையும் அந்த மாதிரி சரியாகக் கணித்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். இங்கே சொல்லைச் செப்பனிடுவதே அறிவியலைச் செப்பனிடுவதாகிறது. துறை அறியாதவர் இந்த இடத்தைக் கடந்து போய்விடுவார் என்பதே என் கவலை.

ஒற்றுமைச் சதவீதத்தை (ஏற்கெனவே வெளியான எழுத்தோடு கட்டுரை ஒத்திருக்கும் அளவை) குறைப்பதற்காகச் சோதனை முறைப் பகுதியைச் சொல்மாற்றுக் கருவிகளிடம் கொடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அவை துறைச் சொற்களையும் மாற்றிவிடுகின்றன. அப்படிச் சிதைந்த சொற்றொடர்களைத் தேடிப் பிடிப்பதே இன்று ஒரு தனி ஆய்வாக வளர்ந்திருக்கிறது. தரநிலைப்படி செய்த சோதனையை மீண்டும் விவரிக்காமல், தரநிலையின் எண்ணைச் சொல்லி, தாம் அதிலிருந்து விலகிய இடத்தை மட்டும் எழுதினால் சிக்கலே எழாது.

படங்களில், கலவை இயந்திரமும் வார்ப்பு அச்சுகளும் உள்ள நிழற்படங்களை நீக்கிவிட்டு, விரிசல் படத்துக்கு ஓர் அளவுகோலைச் சேர்த்தால் பெரும்பாலும் போதும்.

மேற்கோள் பட்டியலைக் கடைசியாகப் பாருங்கள், ஆனால் களைத்த கண்ணோடு பார்க்காதீர்கள். ‘ஜர்னல் ஆஃப் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிங்’ என்ற பெயரில் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கமும் ஓர் இதழ் நடத்துகிறது, சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் ஓர் இதழ் நடத்துகிறது. சுருக்கப் பெயரை மட்டும் எழுதினால் மதிப்பாய்வாளர் தவறான இதழின் தொகுதியைத் தேடி, கட்டுரை கிடைக்காமல், அப்படியொரு கட்டுரையே இல்லை என்று எண்ணக்கூடும். வெளியீட்டாளர் பெயரையோ ஊரையோ சேர்த்து, டி.ஓ.ஐ. எண் (கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான எண்) இருந்தால் அதையும் தந்து, அந்த எண்ணை ஒருமுறை திறந்து பார்த்த பிறகே கட்டுரையை அனுப்புங்கள்.