மிட்பாயிண்ட் கணக்குல அடிக்கடி நடக்குற தப்புகள்

ஜோசியத்துல மிட்பாயிண்ட்னா ரெண்டு கிரகத்துக்கு நடுவுல சரியா பாதி தூரத்துல இருக்குற புள்ளி. ஜெர்மனியில, ஹாம்பர்க்ல இருந்த ஆல்ஃபிரட் விட்டே (1878–1941) இதை ஒரு தனி முறையாவே வளர்த்தாரு, அப்புறம் ரெய்ன்ஹோல்ட் எபர்டின் 1940ல போட்ட பலன் புத்தகத்துக்கு அப்புறம் மத்த நாட்டுக்காரங்களும் எடுத்துக்கிட்டாங்க. இப்ப நம்ம ஆளுங்களும் நிறைய பேர் ஆப்ல தட்டி லிஸ்ட் எடுத்து பலன் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா அந்த லிஸ்ட் எப்படி வந்துச்சுன்னு பாக்குறவங்க ரொம்ப கம்மி, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல, ராசிக் கட்டத்தை வச்சு மிட்பாயிண்ட் போட முடியாது. கட்டத்துல எந்த ராசின்னு மட்டும்தான் இருக்கும், நமக்கு வேணும்ங்கிறது கிரக ஸ்புடம், அதாவது கிரகம் நிக்குற இடம் பாகை கலையோட. சிலர் நவாம்சக் கட்டத்துல ரெண்டு கிரகத்துக்கு நடுவுல எந்த வீடு வருதுன்னு பாத்து அதை மிட்பாயிண்ட்னு சொல்றாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க.

ஸ்புடம் எடுத்தாச்சா, அடுத்து ராசிக்குள்ள இருக்குற பாகையை அப்படியே கூட்டக் கூடாது, 360க்கு மாத்தணும். மேஷம் 0, ரிஷபம் 30, மிதுனம் 60, இப்படியே போய் மகரம் 270, கும்பம் 300, மீனம் 330. சூரியன் மேஷத்துல 10 பாகை, சந்திரன் மகரத்துல 20 பாகைன்னு வச்சுக்கோங்க. 10ம் 290ம் கூட்டினா 300, பாதி 150, அதாவது கன்னி 0 பாகை. நிறைய பேர் இங்கயே நிறுத்திடுறாங்க, ஆனா கட்டத்தை பாத்தா மகரத்துக்கும் மேஷத்துக்கும் நடுவுல கும்பமும் மீனமும்தான் இருக்கு, கன்னி எங்க இருந்து வந்துச்சு? வித்தியாசம் 180க்கு மேல போயிட்டா வர்ற விடையோட 180 கூட்டணும், அப்ப 330, மீனம் 0 பாகை. இதுதான் கிட்ட இருக்குற புள்ளி. கன்னியில வந்தது அதுக்கு நேர் எதிர் முனை. எபர்டின் முறையில ரெண்டு முனையும் சேர்ந்து ஒரே அச்சுதான், ரெண்டுல எதுல கிரகம் இருந்தாலும் எடுத்துக்கலாம், ஆனா ராசி சொல்லி பலன் எழுதுறவங்களுக்கு இந்த தப்பு எல்லாத்தையும் தலைகீழா ஆக்கிடும்.

கலையில வர்ற தப்பு இதைவிட மோசம், ஏன்னா கண்ணுக்கே தெரியாது. 1 பாகைக்கு 60 கலை. மேஷம் 15 பாகை 40 கலை, மிதுனம் 22 பாகை 50 கலை, இதை கால்குலேட்டர்ல 15.40, 82.50ன்னு போட்டு ரெண்டால வகுத்தா 48.95 வரும். சரியான விடை 49 பாகை 15 கலை, அதாவது ரிஷபம் 19 பாகை 15 கலை. கிட்டத்தட்ட 20 கலை போச்சு. எக்செல்ல சரியா 49.25ன்னு வந்தாலும் அதை 49 பாகை 25 கலைன்னு படிச்சுடுறாங்க, புள்ளிக்கு அப்புறம் இருக்குறதை 60ஆல பெருக்கினாதான் கலை. ஒரு பாகைக்குள்ள விளையாடுற முறையில இந்த 20 கலை பெரிய விஷயம்.

கணக்கு சரியான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல போகாது, சுக்கிரன் சுமார் 47க்கு மேல போகாது. அப்ப சூரியன்/புதன் மிட்பாயிண்ட் சூரியன்ல இருந்து 14 பாகைக்குள்ளயும், சூரியன்/சுக்கிரன் 24 பாகைக்குள்ளயும் வந்தே ஆகணும். வரலைன்னா எங்கயோ இடிக்குதுன்னு அர்த்தம், மேல போகாம திரும்ப போடுங்க.

அயனாம்சம் (மேற்கத்திய சாயன கணக்குக்கும் நம்ம நிராயன கணக்குக்கும் உள்ள பாகை வித்தியாசம்) பத்தி பெரிய சண்டையே நடக்கும், ஆனா ஜாதகத்துக்குள்ள இருக்குற மிட்பாயிண்ட்டுக்கு அது பிரச்சினையே இல்ல, எல்லா கிரகமும் ஒரே அளவு நகருறதால யார் யார் நடுவுல யார் இருக்காங்கங்கிறது மாறாது. பிரச்சினை எப்ப வருதுன்னா, ஒரு கிரகத்தை மேற்கத்திய சாயன ஆப்ல இருந்தும் இன்னொன்னை நம்ம நிராயன ஆப்ல இருந்தும் எடுக்குறப்ப. இப்ப அந்த வித்தியாசம் சுமார் 24 பாகை, ஒன்னு மட்டும் 24 தள்ளினா மிட்பாயிண்ட் 12 பாகை தள்ளிப் போகும். யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ நம்ம பஞ்சாங்கத்துல இல்லாததால அதை மட்டும் வெளிய இருந்து எடுத்து ஒட்டுறவங்கதான் இதுல மாட்டுறாங்க. வாக்கியப் பஞ்சாங்க ஸ்புடமும் இதுக்கு ஒத்து வராது. சனி மீனத்துக்கு போனது திருக்கணிதப்படி 2025 மார்ச்ல, வாக்கியப்படி 2026 மார்ச்ல, இவ்ளோ இடைவெளி இருக்குறப்ப 1 பாகை துல்லியத்தை எங்க தேடுறது? கோயில் வழக்கத்துக்கு வாக்கியம் பாருங்க, மிட்பாயிண்ட்டுக்கு திருக்கணிதம்தான்.

பிறந்த நேரம். லக்னம் சராசரியா 4 நிமிஷத்துக்கு 1 பாகை நகரும், லக்னம் சேர்ந்த மிட்பாயிண்ட் அதுல பாதி, அதாவது 4 நிமிஷத்துக்கு அரை பாகை. ஆஸ்பத்திரியில "சுமார் ஆறு மணி"ன்னு எழுதிக் குடுத்த ஜாதகத்துல லக்னம் இருக்குற எந்த மிட்பாயிண்ட்டையும் தொடாதீங்க. சூரியன்/சந்திரன் அப்படி இல்ல, மணிக்கு 20 கலைக்குள்ளதான் நகரும், கொஞ்சம் நேரம் முன்ன பின்ன இருந்தாலும் தாங்கும். டைம் ஸோனும் பாருங்க. இலங்கையில 1996 மே மாசத்துல இருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் கடிகாரமே வேற, முதல்ல கிரீன்விச் நேரத்தை விட 6.30 மணி முன்ன, அப்புறம் அந்த வருஷ அக்டோபர்லேயே 6 மணி, 2006லதான் பழைய 5.30க்கு திரும்புச்சு. அந்த காலத்துல யாழ்ப்பாணத்துலயோ கொழும்புலயோ பிறந்தவங்களுக்கு 5.30 போட்டா லக்னம் 7 பாகைக்கு மேல தப்பும், அரை ராசி கூட போயிடலாம்.

இப்ப பலனுக்கு வர்றேன், எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது இதுதான். 10 கிரகம், ராகு, லக்னம், தசம உச்சி (MC), மொத்தம் 13 வச்சா 78 மிட்பாயிண்ட் வருது. எபர்டின் முறையில கிரகம் மிட்பாயிண்ட்ல இருந்து 0, 45, 90, 135, 180 பாகை எதுல இருந்தாலும் எடுத்துக்குறதால இந்த 78ம் 45 பாகைக்குள்ள அடைஞ்சு கிடக்கும். நீங்க ரெண்டு பக்கமும் 1 பாகை முன்ன பின்ன விட்டா கூட ஜாதகத்துல எந்த இடத்தை தொட்டாலும் சராசரியா மூணு நாலு மிட்பாயிண்ட் மாட்டும், 2 பாகை விட்டா ஏழு. ஏழு இருந்தா அதுல நமக்கு பிடிச்ச பலன் ஒன்னு கண்டிப்பா இருக்கும், கல்யாணம் ஆனவனுக்கு கல்யாணம் தெரியும், கடன்ல இருக்குறவனுக்கு கடன் தெரியும். அதனால அதிகபட்சம் 1 பாகை, சூரியன் சந்திரன் லக்னத்துக்கு வேணா ஒன்றரை, அதுக்கு மேல போகவே கூடாது. நம்ம முறையில ராசி முழுசுக்கும் பார்வை உண்டு, அந்த பழக்கத்துல "சனி பத்தாம் பார்வையா மிட்பாயிண்ட்டை பாக்குறார்"னு சொல்றது ரெண்டு முறையையும் கெடுக்குற வேலை.

மிட்பாயிண்ட் மட்டும் இருந்து அங்க எந்த கிரகமும் இல்லைன்னா அதுக்கு பலன் எழுதக் கூடாது. சுக்கிரன்/குரு மிட்பாயிண்ட் எல்லா ஜாதகத்துலயும் எங்கயாவது இருக்கத்தான் செய்யும், மூணாவதா ஒரு கிரகமோ லக்னமோ அதை தொட்டாதான் அது பலன் சொல்லக்கூடிய அமைப்பு. யுரேனஸ்/புளூட்டோ, நெப்டியூன்/புளூட்டோ மாதிரி மெதுவா போறதுக்கெல்லாம் இன்னும் கவனம், ஒரே காலத்துல பிறந்த அத்தனை பேருக்கும் கிட்டத்தட்ட அதே இடம்தான், சூரியனோ சந்திரனோ லக்னமோ தொடலைன்னா தனி மனுஷனுக்கு அதுல சொல்ல ஒன்னும் இல்ல.

செவ்வாய்/சனிக்கு வர்றேன். பழைய ஜெர்மன் வழக்குல இதுக்கு மரண அச்சுன்னே பேரு, அதை அப்படியே எடுத்து வீட்ல பெரியவங்களுக்கு உடம்பு சரியில்லாத நேரத்துல சொல்லி பயமுறுத்துறாங்க. கணக்கு போட்டு பாருங்க, மீதி 11ல ஏதாவது ஒன்னு 1 பாகைக்குள்ள இந்த அச்சை தொடுறது சும்மாவே பத்துல நாலு பேருக்கு நடக்கும். பத்துல நாலு பேருக்கு இருக்குறதை வச்சு ஒருத்தர் உயிரைப் பத்தி பேசுறது பெரிய பாவம்.

ராகு கேது ரெண்டையும் லிஸ்ட்ல போடுறவங்க ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எண்ணுறாங்க. அவங்க எப்பவும் 180 எதிர்ல இருக்குறதால ராகு/சந்திரனும் கேது/சந்திரனும் சரியா 90 பாகை தள்ளி வரும், 90 பாகை டயல்ல (360 பாகையை 90, 90ஆ மடிச்சு ஒன்னு மேல ஒன்னா வைக்கிற வட்டம்) ரெண்டும் ஒரே புள்ளி. "ராகுவும் சொல்லுது கேதுவும் சொல்லுது, டபுள் கன்ஃபர்ம்"னு சொன்னா நம்பாதீங்க.

கோசாரத்துல சந்திரனை வச்சு மிட்பாயிண்ட் பாக்குறதும் வேஸ்ட், அது 45 பாகை கடக்க சராசரியா மூணரை நாள் கூட ஆகாது, அதுக்குள்ள 78ஐயும் தொட்டுடும், அதாவது சுமார் மணிக்கு ஒன்னு. சனி மாதிரி மெதுவா போற கிரகம் தொடுறப்ப பாத்தா போதும்.

கடைசியா, ஜோடிப் பொருத்தத்துக்கு ரெண்டு ஜாதகத்தையும் சேர்த்து மிட்பாயிண்ட்லயே போடுற காம்போசிட் ஜாதகம். ஒருத்தர் சூரியனும் இன்னொருத்தர் சூரியனும் 180க்கு பக்கத்துல இருந்தா அரை பாகை வித்தியாசத்துல மிட்பாயிண்ட் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தாவிடும், அப்ப காம்போசிட்ல சூரியனுக்கு நேர் எதிர்ல புதன் வந்து உக்காந்திருக்கும். வானத்துல நடக்கவே முடியாத அந்த அமைப்பை பாத்து "பேச்சுல ஒத்துப் போகாது"ன்னு பலன் சொல்லிடுறாங்க. அப்படி வந்தா ரெண்டு பேரோட அசல் ஸ்புடத்தையும் எடுத்து, எந்த கிரகம் 180 கிட்ட நிக்குதுன்னு பாத்து, அந்த கிரகத்துக்கு ராசி வீடு சொல்லாம அச்சா மட்டும் எடுத்துக்கோங்க.