கப்பித் தொட்டியில் பிஎச் சரிந்தபோது

60 லிட்டர் தொட்டி, பத்துப் பன்னிரண்டு கப்பி மீன். ஒரு காலையில் எல்லாம் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. சோதனைக் குழாயில் சொட்டு விட்டால், நீலப்பச்சை வரவேண்டிய இடத்தில் வெளிர் மஞ்சள். பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 6; குறையக் குறைய அமிலம். போன மாதம் 7.4 இருந்தது.

அமிலம் கசிகிறதோ என்று முதலில் உள்ளே கிடந்த மரக்கட்டையைச் சந்தேகப்பட்டேன். பாவம், அது குற்றவாளி இல்லை. தண்ணீரில் உள்ள கார்பனேட்டை அளக்கும் கேஎச் சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறியபோதுதான், கார்பனேட் தீர்ந்துவிட்ட விஷயம் புரிந்தது. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று இரண்டு மாதமாக ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்றிவந்தேன். அதில் கார்பனேட் கிட்டத்தட்ட இல்லை. ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும்போது அமிலம் உண்டாகும். கார்பனேட் இல்லாததால் அதைத் தாங்க ஒன்றுமில்லை.

கேஎச்சையும் பிஎச்சையும் ஏற்றச் சமையல் சோடா போதும், ஆனால் ஒரேயடியாகக் கொட்டவில்லை. பிஎச் குறைவாக இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் விஷம் குறைந்த அம்மோனியமாக இருக்கும். சட்டென்று ஏற்றினால் மறுபடி விஷம். அதனால் முதலில் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன், பாதி போர், பாதி ஆர்ஓ. அப்புறம் தினமும் கால் டீஸ்பூன் சோடா, டம்ளரில் கரைத்து. நான்காம் நாள் கேஎச் 4, பிஎச் 7.2.

இப்போது கார்பனேட்டுக்காக ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் பவளச் சில்லும் கிடக்கிறது. மரக்கட்டையையும் எடுக்கவில்லை.