பொண்ணுங்க ரிலே ரேஸை டிவில பாக்கறதும், அதை வச்சு நம்ம குளத்துல பழக்கறதும் எப்படி

அல்சூர், ஸ்ரீராம்புரம், பசவனகுடின்னு பெங்களூர் முழுக்க நம்ம தமிழ் வீடுகள்ல இருந்து பொண்ணுங்கள ஸ்விம்மிங்குக்கு அனுப்பறவங்க நிறைய பேர் இருக்கோம், காலைல குளிர்ல ஸ்கூட்டர் பின்னாடி உக்காரவச்சு கூட்டிட்டு போறோம், மீட்னா தனி ரேஸ் டைமை எல்லாம் நோட்டுல எழுதி வைக்கறோம், ஆனா கடைசில ரிலே வந்தா மட்டும் எழுந்து நின்னு "பேகா பேகா, போ போ"ன்னு கத்தறதோட முடிஞ்சுடுது. ரிலேல பாக்க வேண்டியது, பழக வேண்டியது ரெண்டுமே பெரும்பாலும் செவுத்துக்கிட்டதான் இருக்கு, ஒருத்தி வந்து தொட்டதும் அடுத்தவ குதிக்கற அந்த நொடில. அதை எப்படி கவனிக்கறதுன்னு சொல்றேன்.

முதல்ல டிவில ஒரு நல்ல ரேஸ் பாருங்க. பெண்கள் 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலே ஃபைனல், ஒலிம்பிக்ஸ்லயும் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்லயும் ஃபைனல்ஸ் ஆரம்பிக்கற முதல் நாளே வந்துடும், அதனால லேட்டா டிவி போட்டா மிஸ் ஆயிடும். நாலு பேர், ஆளுக்கு 100 மீட்டர், 50 மீட்டர் குளத்துல போய்ட்டு திரும்பி வரணும், அவ்ளோதான். பக்கத்துல ஒரு பேப்பர் பேனா வச்சுக்கோங்க, ஒவ்வொருத்தியோட 100 மீட்டர் டைமையும் தனித்தனியா எழுதுங்க. இதைத்தான் ஸ்பிளிட்னு சொல்றது.

எழுதும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். முதல் ஆள் விசில், பஸ்ஸர் எல்லாம் கேட்டு குதிக்கறா. மத்த மூணு பேரும் வர்றவளை கண்ணால பாத்துட்டே குதிக்கறாங்க, அதனால அவங்களுக்கு அரை செகண்டுக்கு மேலயே லாபம். 2023 ஃபுகுவோகா வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல ஆஸ்திரேலியா 3:27.96ல உலக சாதனை போட்டாங்களே, அந்த ஸ்பிளிட் பாருங்க: மோலி ஓ'காலஹன் 52.08, ஷேனா ஜாக் 51.69, மெக் ஹாரிஸ் 52.29, எம்மா மெக்கியான் 51.90. ஜாக்கோட 51.69, சாரா ஷோஸ்ட்ரோமோட தனி உலக சாதனையான 51.71ஐ விட கம்மிதான், ஆனா அது சாதனைன்னு கணக்குல வராது, ஏன்னா ஜாக் ரெண்டாவது ஆளா குதிச்சவ. ஷோஸ்ட்ரோம் அந்த 51.71ஐ போட்டதே 2017 புடாபெஸ்ட்ல இதே ரிலேலதான், ஆனா முதல் ஆளா, அதனால அது செல்லும். உங்க பொண்ணு ரிலேல தன்னோட பெஸ்ட் டைமை ஒடச்சுட்டான்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அவ எத்தனாவதா போனான்னு கேளுங்க.

இப்ப செவுரு. ரேஸை ரெண்டாவது தடவ பாக்கும்போது நீந்தறவங்களை விட்டுட்டு பிளாக் மேல, அதாவது குதிக்கறதுக்கு ஏறி நிக்கற மேடை மேல, நிக்கறவளை மட்டும் பாருங்க, ஸ்லோ மோஷன்ல பாத்தா இன்னும் நல்லது. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, வர்றவளோட தலையைக் குறி வச்ச மாதிரி கூடவே கொண்டு வருவா. வர்றவ கடைசி வீச்சுக்கு கையைத் தூக்கும்போது இவ கையை ஒரு பெரிய சுத்து சுத்துவா, உடம்பு அப்பவே முன்னால சாய ஆரம்பிச்சுடும். வர்றவ விரல் செவுத்துல படற நேரத்துல இவ உடம்பு முழுக்க தண்ணிக்கு மேல காத்துல இருக்கும், கால் விரல் நுனி மட்டும் பிளாக்ல ஒட்டிட்டு இருக்கும். அந்த நுனி முன்னாடியே விட்டுடுச்சுன்னா மொத்த டீமும் டிஸ்குவாலிஃபை. எலக்ட்ரானிக் மெஷின் இருக்கற போட்டில 0.03 செகண்ட் வரைக்கும் விட்டுக்கொடுப்பாங்க, அதுக்கு மேல கிடையாது. ரொம்ப பயந்து நின்னாலும் நஷ்டம்தான், 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல கனடா 3:32.78 வெள்ளி, அமெரிக்கா 3:32.81 வெண்கலம், நடுவுல வெறும் 0.03 செகண்ட்தான்.

இதை வீட்டுப் பிள்ளைங்களுக்கு எப்படி பழக்கறதுன்னா, முதல்ல தண்ணிக்கு வெளிய. தரைல ஒரு கோடு போட்டு ஒருத்தியை நிக்கவைங்க, இன்னொருத்தி தூரத்துல இருந்து நீந்தற மாதிரி கை வீசிட்டே நடந்து வரட்டும், கோட்டுல நிக்கறவ அவ கையைப் பாத்து சுத்தணும். இது சரியா வந்தப்பறம்தான் பிளாக். அபார்ட்மென்ட் குளத்துல மட்டும் தயவுசெஞ்சு தலைகீழா குதிக்க விடாதீங்க, போட்டி விதிப்படியே பிளாக் இருக்கற பக்கம் குறைஞ்சது 1.35 மீட்டர் ஆழம் இருக்கணும், பிள்ளைங்க பழகற இடம் அதைவிட ஆழமா இருந்தா எனக்கு நிம்மதி. கோச் பக்கத்துல இருக்கும்போது மட்டும் செய்யட்டும்.

குதிக்கறவளுக்கு சொல்ற அளவுக்கு வர்றவளுக்கும் சொல்லணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. செவுத்துக்கு 5 மீட்டர் முன்னாடி மேல கொடி கட்டியிருக்கும், அங்கிருந்து தொடற வரைக்கும் அவளுக்கு எத்தனை கை வீச்சு ஆகுதுன்னு எண்ணி வைங்க, தினம் அதே எண்ணிக்கை வரணும். கடைசில கையை நீட்டி வெச்சு சும்மா மிதந்து வந்தான்னா மேல நிக்கறவ கணக்கு தப்பிப் போயிடும், அவ சீக்கிரம் குதிச்சுடுவா, அப்பறம் பழி குதிச்சவ மேல வரும், அது நியாயமே இல்ல. நம்ம ஊர் சின்ன மீட்ல மெஷின் இருக்காது, ஜட்ஜ் கால் பக்கம் நின்னு கண்ணால பாத்துதான் சொல்வாரு, அதனால சின்னப் பிள்ளைங்களுக்கு கையை தொட்டதைப் பாத்துட்டு குதின்னு சொல்றதுதான் சரி. டைம் கொஞ்சம் போனா போகட்டும்.

வரிசை போடறது கோச் வேலைதான், ஆனாலும் ரொம்ப வேகமானவளை கண்ணை மூடிட்டு கடைசில வைக்காதீங்கன்னு சொல்வேன். பஸ்ஸர் சத்தத்துக்கு சட்டுனு குதிக்கறவ முதல்ல, பக்கத்து லேன்ல ஒருத்தி முன்னாடி போனாலும் பதறாதவ கடைசில. எழுதிக் கொடுத்த வரிசை மாறி நீந்தினாலும் டிஸ்குவாலிஃபைதான், அதனால பிளாக்குக்கு போறதுக்கு முன்னாடி நாலு பேரையும் வாயால சொல்லவைங்க.

ஜெயிச்சாலும் யாரும் தண்ணில குதிக்கக்கூடாது, எல்லா டீமும் முடிக்கற வரைக்கும். 2001 ஃபுகுவோகா வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல பெண்கள் 4x200 ரிலேல ஆஸ்திரேலியாதான் முதல்ல தொட்டாங்க, மத்த டீம் இன்னும் வந்துட்டு இருக்கும்போதே சந்தோஷத்துல குதிச்சாங்க, தங்கம் போச்சு, பிரிட்டனுக்கு கிடைச்சுது.

அஞ்சாவது ஆறாவது பொண்ணுங்களையும் சேத்தே பழக்குங்க. பெரிய போட்டில ஹீட்ஸ்ல, அதாவது ஃபைனலுக்கு முன்னாடி வர்ற தகுதிச் சுத்துல, ஒரு நாலு பேர், ஃபைனல்ல வேற நாலு பேர்னு மாத்தலாம், ஒலிம்பிக்ஸ்ல ஹீட்ஸ் மட்டும் நீந்தினவங்களுக்கும் மெடல் உண்டு. நம்ம பெங்களூர் பொண்ணு தினிதி தேசிங்கு 14 வயசுலயே 2024 பாரிஸ்ல 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திட்டா, அவளை மாதிரி இன்னும் மூணு பேர் சேந்தாத்தான் ஒரு ரிலே டீம். ஓரமா டவல் புடிச்சுட்டு நிக்கற பொண்ணையும் பிளாக்ல ஏத்தி நாலு தடவ குதிக்கவைக்க சொல்லி கோச்கிட்ட இந்த வாரமே கேளுங்க.