ராட் பேரிங் இறுக்கமா? எமரித் தாளைக் கீழே வையுங்கள்

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராட்டின் கீழ் முனையில் இருப்பது ராட் பேரிங். அதில் கிளியரன்ஸ், அதாவது பேரிங்குக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே ஆயில் ஓடும் இடைவெளி, குறைவாக வந்தால் நம் பட்டறைகளில் இரண்டு வைத்தியம் உண்டு. "ஓடுனா செட் ஆயிடுங்ண்ணா" என்று அப்படியே பூட்டி அனுப்புவது ஒன்று. பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லின் முகத்தை எமரித் தாளில் நாலு இழுப்பு இழுப்பது இன்னொன்று. ரோட்டில் ஓடும் வண்டிக்கு முதல் வைத்தியம் சில சமயம் பலிக்கும். பந்தய எஞ்சினுக்கு இரண்டுமே ஆகாது.

கோவைப் பக்கம் பந்தயப் பையன்களிடம் இன்னும் புழங்கும் எஸ்டீம் 1.3 எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். சுஸுகியின் ஜி13 குடும்பம். ராட் மாட்டும் கிராங்க் பின்னின் விட்டம் 41.982 முதல் 42.000 மி.மீ. வரை இருக்கலாம். ராட் பேரிங் கிளியரன்ஸ் 20 முதல் 50 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), 80 தாண்டினால் மாற்று என்கிறது கம்பெனிப் புத்தகம். 25 மைக்ரானைத்தான் பழைய ஆட்கள் ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்பார்கள். ஆக, 23 மைக்ரான் வந்தால் புத்தகப்படி அது பாஸ். ஆனால் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் லேப் லேப்பாகப் பிடித்து வைக்கப்போகும் எஞ்சினுக்கு அது இறுக்கம்.

காரணம் இதுதான். எக்சாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது, கீழே அழுத்த எரிவாயு எதுவும் இல்லை. பிஸ்டனின் முழு வேகத்தையும் ராட்தான் இழுத்துத் திருப்ப வேண்டும். அந்த இழுப்பில் பிக் எண்ட், அதாவது ராட்டின் கிராங்க் பக்க வளையம், மேலும் கீழுமாக நீள்கிறது, பக்கவாட்டில், வளையத்தின் கீழ்ப் பாதியான கேப் சேரும் இடத்தில், உள்ளே ஒடுங்குகிறது. நிற்கும்போது 23 இருந்த இடத்தில் ஓடும்போது எவ்வளவு மிஞ்சும்? போதாததற்கு, பேரிங் சூட்டை வெளியே கொண்டுபோவதும் ஆயில்தான். மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், பேரிங் வழியாக ஓடும் ஆயில் கிளியரன்ஸின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும். 23-ஐ 47 ஆக்கினால் ஆயில் ஓட்டம் இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்குக்கு மேல் போகும்.

எவ்வளவு வைக்கலாம்? பின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பந்தயம் என்றால் கொஞ்சம் கூட. இது பழைய கணக்கு, இன்றைக்கும் சரிதான். 42 மி.மீ. பின்னுக்கு 42 மைக்ரான், அதோடு ஐந்தாறு சேர்த்து 45 முதல் 50 வரை நான் வைப்பேன். அதற்கு மேல் போனால் சூடான எஞ்சின் ஐடிலில் ஆயில் பிரஷர் தொங்கும், ஆயிலையும் கெட்டியாக்க வேண்டி வரும். "லூசா இருந்தா ஃப்ரீயா ஓடும்" என்று 70 வைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அளப்பது

தவறான அளவை வைத்துக்கொண்டு செய்யும் திருத்தம் எஞ்சினைக் கெடுக்கத்தான் செய்யும். கிராங்க், ராட், ஷெல், மைக்ரோமீட்டர், போர் கேஜ் (உள் விட்டம் அளக்கும் டயல் கருவி) எல்லாவற்றையும் ஒரே மேஜையில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் அளங்கள். மே மாத மதியம் வெயிலில் கிடந்த கிராங்கை ஏசி அறைக்குள் கொண்டுவந்து உடனே அளந்தால், 10 டிகிரி வித்தியாசத்துக்கே 42 மி.மீ. பின் கிட்டத்தட்ட 5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். நாம் தேடுவதே இருபது சொச்சம் மைக்ரான்.

ராட்டை மெத்தென்ற தாடை போட்ட வைஸில், பிக் எண்டை ஒட்டிப் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் முறுக்கும்போது ராட் திருகிக்கொள்ளும். ஷெல்லின் முதுகும் ராட்டின் உட்புறமும் எண்ணெய் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். எண்ணெய் போல்ட் மரைக்கு மட்டும். கேப்பும் ராட்டும் அவற்றின் நம்பர்படி சேர வேண்டும். ஸ்டாண்டர்ட் போல்ட் என்றால் 33 முதல் 37 நியூட்டன் மீட்டர். வேறு போல்ட் போட்டிருந்தால் அதன் பெட்டியில் சொன்னபடி முறுக்க வேண்டும். போல்ட் மாற்றினாலே பிக் எண்டின் வட்டம் மாறிவிடும் என்பதால், எந்த அளவும் கடைசியாக ஓடப்போகும் போல்டோடுதான் எடுக்க வேண்டும்.

இப்போது பின்னை மைக்ரோமீட்டரால் அளந்து, அதே அளவில் மைக்ரோமீட்டரைப் பூட்டுங்கள். போர் கேஜை அந்த மைக்ரோமீட்டரின் வாய்க்குள் விட்டு, மெல்ல ஆட்டி, முள் திரும்பும் இடத்தில் டயலைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். பிறகு போர் கேஜை ஷெல் போட்டு முறுக்கிய ராட்டுக்குள் விட்டால் டயல் காட்டுவதே கிளியரன்ஸ். கழித்தல் கணக்கு வேண்டாம், மைக்ரோமீட்டரில் இரண்டு மைக்ரான் பிழை இருந்தாலும் அதுவே அடிபட்டுப் போகும். அளவை எடுக்க வேண்டியது கேப் சேரும் கோட்டுக்கு நேர் குறுக்கே, அதாவது ராட்டின் நீளவாக்கில். கேப் சேரும் இடத்தருகே ஷெல்லை வேண்டுமென்றே மெலிதாகச் செய்திருப்பார்கள். அங்கே அதிகம் காட்டினால் பயப்பட வேண்டாம். அங்கே குறைவாகக் காட்டினால்தான் கவலை: கேப் நகர்ந்திருக்கிறது, அல்லது வட்டமே கெட்டிருக்கிறது.

நடுவே வைத்து நசுக்கி அளக்கும் இழையான பிளாஸ்டிகேஜை நம்பி முடிவெடுக்காதீர்கள். பச்சை நிற இழை அளப்பதே 25 முதல் 76 மைக்ரான் வரைதான். நம் இறுக்கம் அதற்குக் கீழே இருக்கிறது.

குற்றவாளி யார்?

கிளியரன்ஸ் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ராட்டின் உள் விட்டத்தில் இரண்டு ஷெல்லின் கனத்தையும் பின்னையும் கழித்தால் மிஞ்சுவதுதான் அது. இதில் எது இடத்தைத் தின்றது என்று தெரியாமல் எதிலும் கை வைக்கக் கூடாது. நாலு ராடும் அளந்து 23, 24, 23, 31 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பின்கள் 41.998, 41.997, 41.998, 41.990. ஷெல் போட்ட ராட் நாலும் 42.021. அப்படியானால் நாலாவது மட்டும் லூசாக வந்ததற்குக் காரணம் ராட் இல்லை, பின்தான். மற்ற மூன்று பின்னும் அனுமதித்த அளவின் மேல் முனையில் நிற்கின்றன. ஆனால் பின் கீழ் முனையான 41.982-க்கே வந்தாலும் 39தான் கிடைக்கும் என்பதையும் கவனியுங்கள். எனவே ராட்டும் ஷெல்லும் கூடத் தங்கள் பங்குக்கு இறுக்குகின்றன.

ஒரே ஒரு ராட் மட்டும் இறுக்கமாக வந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். ஷெல்லுக்குப் பின்னால் ஒரு துணி நூல், கேப் முகத்தில் ஒரு பிசிறு, டவல் முளை (கேப்பை இடத்தில் நிறுத்துவது) சரியாக உட்காராத கேப், இவற்றில் ஏதாவது ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். விரல் நகத்தால் முகத்தை வருடினாலே பிசிறு தட்டுப்படும்.

திருத்துவது

எளிய வழி மெல்லிய ஷெல். கிளிவைட், கிங், ஏசிஎல் மாதிரிக் கம்பெனிகள் பந்தய ஷெல்லில் எக்ஸ் என்று ஒரு வகை விற்கின்றன. ஒவ்வொரு ஷெல்லும் அரை தௌ மெலிது, ஜோடியாகப் போட்டால் ஒரு தௌ கூடுதல் இடைவெளி. மேலே சொன்ன எஞ்சினில் மூன்று ராடுக்கு முழு எக்ஸ் ஜோடி போட்டால் 48, 49, 48. நாலாவதுக்கு ஒரு எக்ஸ், ஒரு சாதா ஷெல் போட்டால் 43 சொச்சம். அப்படிக் கலக்கும்போது கனமான ஷெல் ராட் பக்கம், மெலிது கேப் பக்கம். ஜோடிக்குள் அரை தௌவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. இவ்வளவில் வேலை முடிந்தது. உங்கள் எஞ்சினுக்கு எக்ஸ் ஷெல் வருகிறதா என்று மட்டும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வராவிட்டால் ராட்டுக்குப் போங்கள். ஷெல் இல்லாமல், முழு முறுக்கில் உள் விட்டத்தை அளங்கள். அனுமதித்த அளவின் அடியில் இருந்தால் ராட் ஹோனிங் (உட்புறத்தைக் கல்லால் தேய்த்துப் பெரிதாக்குவது) பட்டறையில் மேல் முனை வரை திறக்கலாம், 10 மைக்ரான் வரை கிடைத்தால் நல்லது. மேல் முனையைத் தாண்டச் சொல்லாதீர்கள். ஷெல்லை ராட்டோடு பிடித்து வைப்பதே முறுக்கும்போது அது வாங்கும் நசுக்கல்தான். அது குறைந்தால் ஷெல் உள்ளே நகரும், முதுகு வழியாகச் சூடும் இறங்காது.

அடுத்தது கிராங்க். பாலிஷில் மூன்று நாலு மைக்ரான் எடுக்கலாம், அதுவும் பெல்ட் போட்ட பட்டறையில். கையால் தாள் சுற்றி இழுத்தால் பின் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு ஆகிவிடும். பாலிஷ் செய்பவரிடம் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வார்ப்புக் கிராங்கில் அது முக்கியம்.

நம் கணக்கில் 23-ஓடு ஹோனிங் 10, பாலிஷ் 4 சேர்த்தாலும் 37தான். எனவே 0.25 அண்டர்சைஸுக்கு, அதாவது பின்னை 0.25 மி.மீ. சிறிதாக்கி அதற்கேற்ற கனமான ஷெல் போடும்படி, கிரைண்ட் செய்ய வேண்டியதுதான். இங்கேதான் பலர் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். கிராங்கை முதலில் கொடுத்து, "0.25 அடிங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு ஷெல் வாங்குகிறார்கள். கிரைண்டர்காரர் பாதுகாப்புக்காக மேல் முனையிலேயே, 41.750 பக்கத்தில், நிறுத்துவார். திரும்பவும் இறுக்கம். முதலில் 0.25 ஷெல்லை வாங்கி, ஹோன் செய்த ராட்டில் போட்டு முறுக்கி, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அது 41.781 என்று வந்தால் அதில் 47 மைக்ரான் கழித்து, "பின் 41.734, கூட்டல் கழித்தல் 2 மைக்ரான்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஓர வளைவை ஒரிஜினல் மாதிரியே விடச் சொல்லுங்கள். அங்கே கூர்மையாக வெட்டினால் கிராங்க் அந்த இடத்தில்தான் முறியும். பின்னின் சரிவும் வட்டக் குறையும் 10 மைக்ரான் வரை புத்தகம் விடுகிறது. நான் 5-க்கு மேல் வாங்குவதில்லை. மேற்பரப்பைக் கெட்டியாக்க நைட்ரைடு செய்த கிராங்க் என்றால், கிரைண்ட் செய்த பிறகு திரும்ப நைட்ரைடு செய்ய வேண்டுமா என்று கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

எமரித் தாளுக்கு வருவோம். மூன்று அடுக்கு ஷெல்லில் பின்னைத் தொடும் மேல் பூச்சின் மொத்தக் கனமே 12 முதல் 25 மைக்ரான். உங்களுக்குத் தேவை மொத்தம் 25 என்றால், ஒரு ஷெல்லில் 12 எடுக்க வேண்டும். அதாவது, பந்தயத்துக்கென்று காசு கொடுத்து வாங்கிய பூச்சையே சுரண்டி எறிகிறீர்கள். தாளின் மணல் வேறு மெத்தென்ற உலோகத்தில் புதைந்து நின்று, பிறகு பின்னை அறுக்கும். கேப்பின் முகத்தை ராவுவது, கேப்புக்கு நடுவே பேப்பர் வைப்பது, இரண்டும் வட்டத்தையே கெடுக்கும் வேலை.

பூட்டும்போது

கிரைண்டிங்கிலிருந்து வந்த கிராங்கின் ஆயில் ஓட்டைகளைப் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து, திரும்பவும் கழுவுங்கள். எல்லா ராடையும் மறுபடி அளங்கள். பட்டறைத் தாளில் எழுதிய அளவு உங்கள் அளவு ஆகாது. பக்கவாட்டு இடைவெளி 0.10 முதல் 0.20 மி.மீ. இருக்க வேண்டும். அது வேறு கணக்கு, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஷெல்லில் அசெம்பிளி லூப் தடவி, ஒவ்வொரு ராடாக முறுக்கியதும் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். ஒரு ராட் போட்டதும் சட்டென்று கனத்தால், அடுத்ததைப் போடாமல் அதைக் கழற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் வரவையுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து காகிதத்தை விரித்துப் பாருங்கள். மங்கலான சாம்பல் துகள் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. செம்பு நிறத்தில் மின்னினால் பூச்சு போய்விட்டது. அன்றைக்கே சம்பை (எஞ்சினின் அடி ஆயில் தொட்டியை) கழற்றுங்கள்.