செகண்ட்ஹேண்ட் லீ-என்ஃபீல்டு: முதல் தோட்டாவுக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

நம் ஊரில் 'திரீ நாட் திரீ' என்றால் தெரியாதவர் இல்லை. அந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் இன்றும் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இந்தியாவில் .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், இது அந்த நாடுகளில் முறையான உரிமத்தோடு வாங்குபவர்களுக்காக எழுதப்படுகிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் மரத்தின் பளபளப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் ஆளைக் காயப்படுத்துவது போல்ட்டும் (பின்னாலிருந்து மூடும் உருளை) சேம்பரும்தான் (தோட்டா உட்காரும் அறை). அதனால் நேரத்தையும் பணத்தையும் அந்த இரண்டில் செலவிடுங்கள்.

தொடங்கும் முன் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, சேம்பருக்குள் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவுங்கள். முதல் உலகப்போர்க் காலத்து மாடல்கள் சிலவற்றில் மேகசினை மறைக்கும் கட்-ஆஃப் தகடு இருக்கும். அது மூடியிருந்தால் உள்ளே தோட்டா இருந்தாலும் மேலே ஏறாது. அதனால் போல்ட்டை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு 'காலி' என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்து எண்கள். போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் ஒரு சீரியல் எண் இருக்கும். நம்பர் 1 ரகத்தில் (முதல் உலகப்போர்க் காலத்து வடிவம்) அதே எண் ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடல்) முன்வளையத்தில் வலப்பக்கம் இருக்க வேண்டும். நம்பர் 4 ரகத்தில் (இரண்டாம் உலகப்போர்க் காலத்து வடிவம்) இடப்பக்கம், கட்டை (தோளில் வைக்கும் பின்மரம்) செருகும் சாக்கெட் பகுதியில் தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உடனே வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் கேஜ் (சேம்பரில் வைத்துப் பார்க்கும் அளவுத் துண்டு) வைத்து அளக்காமல் சுடவே கூடாது. லீ-என்ஃபீல்டு போல்ட் பின்பக்கத்தில்தான் பூட்டிக்கொள்கிறது: இடப்பக்கம் ஒரு சின்ன லக் (புடைப்பு), வலப்பக்கம் நீண்ட விலா. இரண்டும் ரிசீவரில் சமமாக அழுந்த வேண்டும் என்றுதான் தொழிற்சாலையில் அந்தந்தத் துப்பாக்கிக்கென்று பொருத்தினார்கள். வேறொன்றின் போல்ட்டைப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சுமை தாங்கும் நிலை வரலாம். லக், விலா இரண்டின் பின்முகத்திலும் மார்க்கர் மையைத் தடவி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி சிலமுறை மூடித் திறங்கள். மை ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) போக வேண்டிய வேலை அது.

எண்களைப் பார்க்கும்போதே மற்ற முத்திரைகளையும் படித்துவிடுங்கள். 'டி.பி.' என்று அடித்திருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் ஒதுக்கிய துப்பாக்கி. அதைச் சுடக் கூடாது. முன்மரத்தைச் சுற்றிக் கம்பி வரிந்திருந்தால் கிரனேடு ஏவப் பயன்பட்டது என்று கொள்ளலாம். கூடுதல் அதிர்ச்சி தாங்கிய உலோகம் என்பதால் விரிசல் தேடுவதில் இரட்டிப்பு கவனம் வேண்டும். விக்டோரியா மகாராணி 1901 ஜனவரியில் இறந்தார். அவருடைய 'வி.ஆர்.' முத்திரைக்குக் கீழே 1915, 1919 என்று ஆண்டு இருந்தால் அது கைபர் கணவாய்ப் பக்கம், தாரா ஆதம் கேல் போன்ற ஊர்ப் பட்டறைகளில் செய்த நகல். எழுத்துகள் தலைகீழாக இருப்பதும், எழுத்துப்பிழைகளும் அதே கதைதான். அங்கே எந்த எஃகைப் போட்டார்கள், எப்படிச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சுவரில் மாட்டுங்கள், சுட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா உட்காரும் இடைவெளி. .303 தோட்டா அதன் அடி விளிம்பில்தான் நிற்கிறது. போல்ட் முகத்துக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகமானால், சுடும்போது உறையின் முன்பாதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் பின்னால் தள்ளப்படும். விளிம்புக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே பித்தளை இழுபட்டு மெலிந்து, கடைசியில் அறுந்துபோகும். சூடான வாயு போல்ட் வழியாக முகத்தை நோக்கி வரும்.

ராணுவக் கேஜ் இரண்டு: 0.064 அங்குலம் (1.63 மி.மீ.), 0.074 அங்குலம் (1.88 மி.மீ.). எக்ஸ்ட்ராக்டரையும் (உறையை இழுத்தெடுக்கும் கொக்கி) ஃபயரிங் பின்னையும் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) கழற்றி, சேம்பரைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். முதல் கேஜில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. விரல்நுனி அழுத்தம் போதும். கைப்பிடியை அமுக்கித் தள்ளினால் கேஜும் பொய் சொல்லும், சேம்பரும் கெடும். அமெரிக்கக் கடைகளில் 0.067, 0.070 அளவுகளும் விற்கிறார்கள். 0.067-இல் மூடிவிட்டது என்பதற்காகப் பயப்பட வேண்டாம், போர்க்காலத் துப்பாக்கிகளில் அது சாதாரணம். 0.074-இல் மூடினால் பேச்சே இல்லை, சுடக் கூடாது.

நம்பர் 4 ரகத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. கழற்றி மாட்டும் போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டு, ஏறுமுகமான நீளத்தில் வந்தன. 1 இருந்தால் 2 போட்டு மறுபடி அளக்கலாம். 3 போட்டும் 0.074 கேஜில் போல்ட் மூடினால் போல்ட்டோ ரிசீவரோ தேய்ந்துவிட்டது. அந்தச் செலவுக்கு வேறு துப்பாக்கி வாங்கலாம். நம்பர் 1 ரகத்தில் எண்ணிட்ட தலைகள் கிடையாது. பல தலைகளை வைத்துப் பார்த்துப் பொருந்துவதை எடுக்க வேண்டியதுதான்.

போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தையும் பாருங்கள். போல்ட்டைப் பாதி இழுத்த நிலையில் தலையைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால் அது கழன்று வரக் கூடாது. குறிப்பாக நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் ரகத்தில், தண்டவாளத்தில் வெட்டிய காடியின் ஓரம் உடைந்து தலை துள்ளி வெளியே வருவது அடிக்கடி காணும் பழுது. ஃபயரிங் பின் போல்ட் முகத்திலிருந்து 0.040 முதல் 0.050 அங்குலம் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதிகமானால் பிரைமரைத் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) துளைக்கும், குறைந்தால் வெடிக்காது.

விரிசல் தேட கண் மட்டும் போதாது. போல்ட் லக்குகளின் அடி, போல்ட் தலையின் ஓரம், ரிசீவரின் முன்வளையம் ஆகிய இடங்களில் மெல்லிய எண்ணெய் தடவி, சில நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுத்த கோடாகத் தெரியும்.

குழலைச் சுத்தம் செய்த பிறகுதான் பார்க்க வேண்டும். சற்றே மங்கிய ரைஃப்ளிங் (குழலின் உள்ளே சுழலும் வரிப்பள்ளங்கள்) பரவாயில்லை. பழைய தோட்டாக்களின் பிரைமர் விட்டுச்சென்ற உப்பு அரித்த குழிகள் குறிபார்ப்பைக் கெடுக்கும், அவ்வளவுதான். ஆபத்து வேறு: உள்ளே ஓரிடத்தில் வளையமாக இருண்ட நிழல் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. வெளியே விரலை ஓட்டினாலும் சில சமயம் தட்டுப்படும். அந்தக் குழலை மாற்றாமல் சுடாதீர்கள். நம்பர் 4-இன் போர்க்கால ஆக்கங்களில் ஐந்துக்குப் பதில் இரண்டே வரிப்பள்ளங்கள் இருக்கும். அது தேய்மானம் அல்ல.

மரத்துக்கு அடியில் மறைந்த துருவைப் பார்க்க முன்மரத்தைக் கழற்றுவீர்கள். நம்பர் 1 ரகத்தில் கட்டையை உள்ளிருந்து பிடிக்கும் நீளத் திருகாணியை ஒருபோதும் முதலில் திருகாதீர்கள். அதன் சதுர முனை முன்மரத்தின் பின்னால் உள்ள தகட்டில் செருகியிருக்கும். திருகினால் முன்மரம் பிளந்துபோகும். முன்மரம் முதலில், கட்டை பிறகு.

எந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கி என்பதையும் விற்பவர் வாய்ச்சொல்லில் விடாதீர்கள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 1960-களில் தொடங்கி 2ஏ, 2ஏ1 என்று செய்தவை 7.62 நேட்டோ தோட்டாவுக்கானவை, பார்வைக்கு .303 போலவே இருக்கும், மேகசின் மட்டும் சதுரமாக இருக்கும். .410 ஆக மாற்றிய மஸ்கெட்டுகளும் உலவுகின்றன. சந்தேகம் இருந்தால் குறைந்த சூட்டில் உருகும் செரோசேஃப் உலோகத்தைச் சேம்பரில் ஊற்றி அச்செடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளக்கச் சொல்லுங்கள்.

டிரிகருக்கு மூன்று சோதனை, எல்லாம் காலித் துப்பாக்கியில். காக் செய்து (சுடும் நிலைக்கு ஏற்றி) சேஃப்டி போட்டு டிரிகரை அழுத்தி விடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள்: ஃபயரிங் பின் விழக் கூடாது. போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள்: விழக் கூடாது. காக் செய்த நிலையில் கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள்: அப்போதும் விழக் கூடாது.

இத்தனையும் தேறிய பிறகு துப்பாக்கியை ஸ்டாண்டில் கட்டி, முதல் சில குண்டுகளை நீளமான கயிற்றால் தடுப்புக்குப் பின்னிருந்து சுடுவதே முறை. இதைக் கன்ஸ்மித் செய்தால் இன்னும் நல்லது. புதிய ஃபேக்டரி தோட்டா மட்டும், ஒவ்வொன்றாக. பழைய கார்டைட் (அந்தக் காலத்து வெடிமருந்து) சரக்கும், அடுத்தவர் நிரப்பிய ரீலோடும் வேண்டாம். ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பாருங்கள்: துளைபட்ட பிரைமர், வெளியே தள்ளி நிற்கும் பிரைமர், உடம்பில் பிளவு இருந்தால் நிறுத்துங்கள். அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி முனையைச் சற்று வளைத்து உறைக்குள் விட்டுச் சுவரோடு இழுங்கள். அந்த இடத்தில் முனை ஒரு பள்ளத்தில் மாட்டினால் உறை பாதி அறுந்துவிட்டது என்று பொருள். துப்பாக்கியை மறுபடி கேஜுக்குக் கொண்டுபோங்கள்.